கம்பெனிக் கணக்கைப் பார்க்க வரி அதிகாரிக்கு அதிகாரம் உண்டா? ஓசூர் எல்லையிலிருந்து ஒரு வரலாறு

ஒரு கம்பெனியின் வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. நான்கு பேர் இறங்கி நேராக அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போய் பில் புத்தகங்களையும் கம்ப்யூட்டரையும் காட்டச் சொல்கிறார்கள். "நீங்கள் யார், எந்தச் சட்டப்படி வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்க அங்கிருக்கும் மேனேஜருக்கு வாய் வருவதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம்!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சிறுதொழில் நடத்துபவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். "அவர்கள் கவர்ன்மென்ட், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்பது ஒன்று. "இது தனியார் கம்பெனி, என் கணக்கைப் பார்க்க அவன் யார்?" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. எது சரி என்பது ஒரே நாளில் முடிவானதல்ல. எண்பது வருடங்களுக்கு மேலாக நீதிமன்றங்களில் கொஞ்சம் கொஞ்சமாக முடிவாகி வருகிறது. அதில் பெரும் பங்கு சென்னை மாகாணத்து வழக்குகளுக்கு. கதையின் தொடக்கமோ ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தொரப்பள்ளியில் பிறந்தவர் போட்ட வரி

ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளி கிராமத்தில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்). வந்தவுடன் அவர் செய்த முதல் பெரிய காரியம் மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் அது அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி எல்லாம் அதற்குள் அடக்கம். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965இல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல்.

கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்ட மாகாணம் சென்னைதான். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தும் ராஜாஜி விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வரியின் தன்மையை இங்கே கவனிக்க வேண்டும். நிலவரிக்கு நிலத்தை அளந்தால் போதும். கிருஷ்ணகிரி பகுதியைக் கும்பெனியார் 1792இல் பிடித்தபோது அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் செய்தது அதைத்தான். நிலம் வெட்டவெளியில் கிடக்கிறது, யாருடைய கதவையும் தட்ட வேண்டியதில்லை. விற்பனை வரி அப்படியல்ல. எவ்வளவு விற்றது என்பது வியாபாரியின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது, புத்தகம் கடைக்குள் இருக்கிறது. ஆகவே விற்பனை வரி வந்த அன்றே கடைக்குள் நுழையும் அதிகாரமும் கூடவே வந்தாக வேண்டும். எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. 1761இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சுங்க அதிகாரிகள் ஒரு பொது வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கிடங்கிலும் நுழையலாம் என்றிருந்ததை எதிர்த்து ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வக்கீல் வாதாடினார். அந்த வழக்கில் அவர் தரப்பு தோற்றது. ஆனால் அந்தக் கோபம் அடங்காமல் பின்னாளில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தமாக உருவெடுத்தது. 1765இல் இங்கிலாந்தில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக் காகிதங்களை மந்திரியின் உத்தரவுப்படி அள்ளிக்கொண்டு போனவர்கள் நஷ்டஈடு கட்ட நேர்ந்தது. மந்திரி சொன்னால் போதாது, சட்டத்தில் அப்படி ஓர் அதிகாரம் இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்திய அரசியல் சட்டத்தில் 265ஆம் பிரிவு சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. ஆனால் அமெரிக்காவின் நான்காவது திருத்தம் போன்ற ஒன்று நம்மிடம் இல்லை என்று 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டால்மியா குழுமக் கம்பெனி ஒன்றின் மீதான விசாரணையில் எழுந்த வழக்கு அது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகுதான் அந்தப் பழைய தீர்ப்பின் ஒரு பகுதி செல்லாமல் போனது.

41ஆம் பிரிவும் பூர்த்தி செய்யாத வாரண்டும்

1939ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 1959இல் புதிய சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. அதன் 41ஆம் பிரிவை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். முதலில் அதிகாரி கணக்கைக் கொண்டுவரச் சொல்லலாம். அடுத்து, வியாபார இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். வரி ஏய்ப்பு என்ற சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால், அந்தக் காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் புத்தகங்களைக் கைப்பற்றலாம். மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குடியிருக்கும் வீடாக இருந்தால் மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும். கடைசியாக, கணக்கில் வராத சரக்கையே பறிமுதல் செய்யலாம்.

இதை எதிர்த்துச் சென்னை வியாபாரிகள் போட்ட வழக்குதான் ராம்கிஷன் ஸ்ரீகிஷன் ஜாவர் வழக்கு. 1967 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வரிச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. காரணம், இரண்டு தரப்புக்கும் பாதிப் பாதி கிடைத்தது.

வியாபாரிகளின் முதல் வாதம், விற்பனைக்கு வரி போடத்தான் மாநிலத்துக்கு அதிகாரம், சோதனை போட அதிகாரம் இல்லை என்பது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வரி போடும் அதிகாரத்துக்குள்ளேயே ஏய்ப்பைத் தடுக்கும் அதிகாரமும் அடங்கும், அதற்குத் துணையாகச் சோதனையும் கைப்பற்றுதலும் வரலாம் என்றது. ஆக, 'தனியார் கம்பெனியைப் பார்க்க உரிமையே கிடையாது' என்ற வாதத்துக்கு அன்றே முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது. சட்டத்தில் 'பார்வையிடலாம்' என்றுதானே இருக்கிறது, 'சோதனையிடலாம்' என்று இல்லையே என்ற வாதமும் எடுபடவில்லை.

ஆனால் சரக்கைப் பறிமுதல் செய்யும் உட்பிரிவு விழுந்தது. சரக்கு இன்னும் விற்கவே இல்லை. விற்காத சரக்குக்கு வரியைக் கட்டு, இல்லாவிட்டால் பறிமுதல் என்பது விற்பனை வரிச் சட்டத்தின் அடிப்படைக்கே முரண் என்றது நீதிமன்றம்.

இதைவிடச் சுவையான பகுதி வாரண்ட் பற்றியது. வீட்டைச் சோதனையிட மாஜிஸ்திரேட் கொடுத்த வாரண்ட் அச்சடித்த படிவம். கோடிட்ட இடங்கள் காலியாகவே இருந்தன. பொருந்தாத வரிகளை அடிக்கக்கூட இல்லை! கையெழுத்துப் போட்டவர் மனதைச் செலுத்தவில்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு சொல்லும் பாதுகாப்புகளையும் யாரும் கடைப்பிடிக்கவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பானது. அதிகாரம் சட்டத்தில் இருந்தும் அதைப் பயன்படுத்திய விதத்தில் தோற்றார்கள்.

செக்போஸ்ட்

கும்பெனி காலத்தில் ஊர் விட்டு ஊர் சரக்குப் போனால் வழியில் சாயர் வரி வாங்கும் சாவடிகள் உண்டு. சென்னை மாகாணத்தில் 1844இல் அவற்றை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து விற்பனை வரியின் பெயரால் சாவடி வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 1959ஆம் வருடச் சட்டத்தின் 42ஆம் பிரிவு செக்போஸ்ட் அமைக்க வழி செய்தது. பெங்களூர் சாலையில் ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடி, அந்தப் பக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. சிப்காட்டில் இருந்து சில கிலோமீட்டர் போனாலே வேறு மாநிலம், வேறு வரிச் சட்டம். ஓசூர்த் தொழிலுக்கு இந்த எல்லைதான் வரமும் சாபமும்.

42ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு, உரிய காகிதம் இல்லாமல் வண்டியில் வரும் சரக்கைச் செக்போஸ்ட் அதிகாரி பறிமுதல் செய்யலாம் என்றது. கோயம்புத்தூர் செக்போஸ்ட்டில் எழுந்த கே.பி. அப்துல்லா வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் இந்த உட்பிரிவை ரத்து செய்தது. லாரியில் போகும் சரக்கெல்லாம் விற்பனையான சரக்குதான் என்று சட்டம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒருவன் தன் சொந்தப் பொருளைக் கொண்டுபோனாலும் காகிதம் இல்லை என்றால் பறிபோகும். விற்பனைக்கு வரி போடும் அதிகாரம் அவ்வளவு தூரம் நீளாது என்பது தீர்ப்பு. நிறுத்திப் பார்க்கலாம், பறிக்க முடியாது. இதை வைத்து லாரிக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. வேறு வாசகங்களோடு சட்டங்கள் திரும்பி வந்தன. காகிதம் இல்லாத சரக்குக்கு அபராதம் போடும் ராஜஸ்தான் சட்டப்பிரிவை 2001இல் டி.பி. மெட்டல்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் போயின. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. சாவடி கம்ப்யூட்டருக்குள் குடிபோய்விட்டது!

ஓசூரின் ஆலைகள்

1970களில் சிப்காட் வந்த பிறகுதான் ஓசூர் தொழில் நகரமானது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகளும் அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் வளர்ந்தன. இவர்களுக்கு மாநில விற்பனை வரிக்காரர் ஒருவர், மத்திய கலால்காரர் இன்னொருவர். 1960களின் பிற்பகுதி வரை கலால் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு ஆலை கேட்டைத் தாண்டும். பிறகு 'நீயே கணக்கிட்டு அனுப்பு, நாங்கள் பின்னால் வந்து சரிபார்க்கிறோம்' என்று முறை மாறியது. ஓசூரின் பெரிய ஆலைகள் எல்லாம் இந்தப் புது முறையில் பிறந்தவை. கேட்டில் நின்ற ஆள் போனார், தணிக்கைக் குழு வந்தது.

எல்லைப் பகுதியில் தீராத தகராறு ஒன்று உண்டு. ஓசூரில் செய்த பொருளை வேறு மாநிலத்தில் உள்ள சொந்த டிப்போவுக்கு அனுப்பினால் அது விற்பனை அல்ல, மத்திய விற்பனை வரி இல்லை. அங்கே ஏற்கனவே ஆர்டர் கொடுத்தவருக்காகவே அனுப்பினால் மாநிலம் தாண்டிய விற்பனை, வரி உண்டு. எது என்று காட்ட எஃப் படிவம். இதைப் பற்றிய பெரிய தீர்ப்பு அசோக் லேலண்டு கம்பெனி தமிழ்நாடு அரசை எதிர்த்து நடத்திய வழக்கில் 2004 ஜனவரியில் வந்தது. வரி அதிகாரி விசாரித்து, படிவத்தில் சொன்னது உண்மை என்று ஏற்று உத்தரவு போட்டுவிட்டால் அது முடிந்த விஷயம். மோசடி, பொய்த் தகவல் போன்ற காரணங்கள் இருந்தால் தவிர, பின்னால் வரும் அதிகாரி தனக்கு வேறு கருத்துத் தோன்றுகிறது என்பதற்காக மறுபடி திறக்க முடியாது. நுழைவதற்கு மட்டுமல்ல, மறுபடி நுழைவதற்கும் அதிகாரம் வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

சோதனை செய்தவரா, தீர்மானிப்பவரா?

பெரிய கம்பெனிக்கு டெல்லி வரை போக வசதி உண்டு. சிறிய ஆளுக்கு நடப்பது வேறு. அமலாக்கப் பிரிவு வந்து சோதனை போடும். குறைகளை எழுதி, இவ்வளவு வரி, இவ்வளவு அபராதம் என்று கணக்கிட்டு ஓர் அறிக்கை தயாரித்து, அந்தக் கம்பெனியின் வரி நிர்ணய அதிகாரிக்கு அனுப்பும். வணிகவரி வட்டாரத்தில் இதற்கு 'டி-3 முன்மொழிவு' என்று பெயர். அந்த அதிகாரி அதையே நோட்டீசாக அடித்து அனுப்புவார். கம்பெனி பதில் கொடுக்கும். "அமலாக்கப் பிரிவு சொன்னபடி உறுதி செய்யப்படுகிறது" என்று உத்தரவு வரும். பதிலைப் படித்தாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

சேலம் அரிசிப்பாளையம் வட்ட வணிகவரி அதிகாரிக்கு எதிராக மெட்ராஸ் கிரானைட்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில் (2006இல் விற்பனை வரி வழக்குத் தொகுப்பில் வெளியானது) சென்னை உயர் நீதிமன்றம் இதை உடைத்தது. வரியைத் தீர்மானிப்பவர் ஒரு நீதிபதியைப் போன்றவர். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும் அறிக்கையை அப்படியே ஏற்று உத்தரவு போட்டால் அது அவருடைய உத்தரவே ஆகாது. பின்னால் வந்த அமுதா மெட்டல்ஸ், நரசுஸ் ரோலர் ஃப்ளோர் மில்ஸ் வழக்குகளிலும் இதே கருத்து. கிரானைட் என்றால் கிருஷ்ணகிரிக்குச் சொல்லவே வேண்டாம். இந்தப் பகுதியின் குவாரிக்காரர்களும் பாலிஷ் பட்டறைக்காரர்களும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இதுதான். வழக்குகளிலேயே மிக முக்கியமானது என்றும் சொல்லலாம். காரணம், சோதனை சட்டப்படியே நடந்திருந்தாலும் முடிவு சட்டப்படி ஆகாமல் போகலாம் என்று இது காட்டுகிறது.

'தணிக்கை' என்ற ஒரு சொல்

தமிழ்நாட்டில் 'ஆடிட்டர்' என்றால் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். வரித்துறையின் தணிக்கைக் குழுவையும் அதே சொல்லால் குறிப்பதால் குழப்பம். போதாதற்கு மத்தியத் தணிக்கை அதிகாரியான சிஏஜியின் ஆட்களும் உண்டு. சிஏஜி தணிக்கை செய்வது அரசின் வரவு செலவை. தனியார் கம்பெனிக்குள் அவர்களுக்கு என்ன வேலை?

சேவை வரி விதிகளில் 2007இல் 5ஏ என்றொரு விதியைச் சேர்த்து, தணிக்கைக் குழு கேட்டால் கம்பெனி கணக்கைக் காட்ட வேண்டும் என்றார்கள். பங்குத் தரகுக் கம்பெனியான எஸ்.கே.பி. செக்யூரிட்டீஸ் வழக்கில் 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், தனியார் கம்பெனியைச் சிஏஜி தணிக்கை செய்ய இந்த விதி போதாது என்றது. 2014இல் டிராவலைட் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் விதியையே ரத்து செய்தது. பாராளுமன்றம் போட்ட சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை அதிகாரிகள் எழுதிய விதி எப்படிக் கொடுக்கும்? உடனே சட்டத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்து அதே வருடம் புது விதி வந்தது. 2016 ஜூனில் மெகா கேப்ஸ் வழக்கில் அதே டெல்லி உயர் நீதிமன்றம், சட்டம் 'சரிபார்க்கலாம்' என்கிறது, சரிபார்ப்பது வேறு, தணிக்கை செய்வது வேறு என்று சொல்லி அதையும் வீழ்த்தியது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்தக் குட்டுகளுக்குப் பிறகு எழுதிய ஜிஎஸ்டி சட்டத்தில் எச்சரிக்கை தெரிகிறது. 'தணிக்கை' என்றால் என்ன என்று முதலிலேயே விளக்கம் இருக்கிறது. 65ஆம் பிரிவுப்படி கமிஷனரோ அவர் உத்தரவு பெற்ற அதிகாரியோ தணிக்கை செய்யலாம். குறைந்தது 15 வேலை நாள் முன்பாக நோட்டீஸ் வேண்டும். தொடங்கி மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், கமிஷனர் காரணம் எழுதினால் இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். முடிந்து 30 நாளில் என்ன கண்டார்கள் என்பதைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். திடீர்ச் சோதனை என்றால் அது 67ஆம் பிரிவு, ஜாயின்ட் கமிஷனர் அல்லது அதற்கு மேலானவரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். தணிக்கைக்கு வந்தவர் பீரோவைச் சீல் வைக்க முடியாது என்பது இந்த வேறுபாட்டின் நடைமுறை அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு, காகிதத்தில் ஒரு பிழை கிடைத்தால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் பூரன்மல் வழக்கையும் பார்க்க வேண்டும். வருமான வரிச் சோதனை பற்றிய அந்த வழக்கில் 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சோதனையே சட்டவிரோதமாக இருந்தாலும் அதில் கிடைத்த ஆவணத்தைச் சாட்சியாகப் பயன்படுத்தத் தடையில்லை என்றது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், அதில் எழுதியிருந்ததை மறக்க மாட்டார்கள். அதேபோல 2021இல் கேனன் வழக்கில் சுங்க நோட்டீஸ் அனுப்ப வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் 'உரிய அதிகாரி' அல்ல என்று தீர்ப்பு வந்ததும் பலர் கொண்டாடினார்கள். 2024 நவம்பரில் மறுசீராய்வில் அதே உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

ஓசூர்க் கம்பெனிக்கு இன்று மிஞ்சியிருக்கும் சிக்கல் இரண்டு எஜமானர்கள். ஜிஎஸ்டியில் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அதற்குக் கீழே 90 சதவீதம் மாநிலத்துக்கு. ஒரே விஷயத்தில் ஒருவர் நடவடிக்கை தொடங்கிவிட்டால் மற்றவர் தொடங்கக் கூடாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. 'நடவடிக்கை' எப்போது தொடங்குகிறது? சம்மன் அனுப்புவது மட்டும் தொடக்கம் ஆகாது என்று 2025 ஆகஸ்டில் ஆர்மர் செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, மாநிலத்தின் தணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே மத்தியத் துறையின் சம்மன் வந்தால், 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்று சொல்லிப் போகாமல் இருக்க முடியாது. போய், எந்த விஷயம் என்று தெரிந்துகொண்டு, ஏற்கனவே நடக்கும் தணிக்கையின் விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மத்தியத் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் போடும் முறை 2019 நவம்பரில் வந்தது. அந்த எண்ணை இணையத்தில் போட்டு, கடிதம் உண்மையிலேயே அந்த அலுவலகத்திலிருந்து வந்ததா என்று கம்பெனியின் குமாஸ்தாவே பார்த்துவிடலாம்.